நடுகல்லும் ஒருகாலத்துல புதுக்கலைதான்!

"நவீன ஓவியம், இன்ஸ்டலேஷன், சோதனை நாடகம் எல்லாம் மேல்தட்டு சமாச்சாரம். கிராமியக் கலையைக் கெடுக்கத்தான் வருது." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு நண்பர்களே. சொல்றவங்கள்ல எத்தனை பேர் விடிய விடிய ஒரு கூத்தாவது உட்கார்ந்து பார்த்திருப்பாங்கன்னு கேட்டா, பதில் வராது.

நான் பென்னாகரத்துக்காரன். வெளியூர்ல ஊர்ப் பேரைச் சொன்னா "ஓ, ஒகேனக்கல் பக்கமா?" என்பார்கள். கொஞ்சம் அரசியல் தெரிஞ்சவங்க 2010 இடைத்தேர்தலை ஞாபகப்படுத்துவாங்க. முடிஞ்சது எங்க வரலாறு! ஆனா தருமபுரி மாவட்டம் நடுகல்லுக்குப் பேர்போன மண். தருமபுரி அகழ்வைப்பகத்துல போய்ப் பாருங்க, ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்கள் கல்லிலே வில்லும் வாளுமா நிக்கிறாங்க.

இந்த நடுகல் என்னன்னு யோசிச்சிருக்கோமா? ஊர்ல ஒருத்தன் செத்தான். ஊரார் கல்தச்சனைக் கூப்பிட்டு, தங்க கண்ணெதிரே நடந்த கதையைச் செதுக்கச் சொன்னாங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. வீரனோட அவன் நாயும் அதுல இருக்கு. கள்ளர்களைக் கடிச்ச அந்த நாய்க்கு கோவிவன்னு பேரு. பேரையும் சேர்த்தே வெட்டி வச்சிருக்காங்க. புராண நாய் இல்லீங்க, அந்த ஊர் நாய்! அன்னிக்கு அது சமகாலக் கலை. அதனாலதான் 1,300 வருஷத்துக்கு மேலாகியும் நமக்கு அந்த ஊர்ச் சேதி தெரியுது.

பாரதக்கூத்து நடக்கிற ஊர்ல படுகளத்தைப் பாருங்க. மண்ணுல ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெருசா துரியோதனனைப் படுக்க வைக்கிறாங்க. அன்னிக்கே கதை முடிஞ்சு அது சிதைஞ்சும் போகுது. இதையே ஒரு காலரியில செஞ்சா இன்ஸ்டலேஷன். நம்ம ஊர்ல செஞ்சா "பழமை"யா?

கூத்தைக் கொல்றது நவீன கலை இல்லை. திருவிழாவுக்குக் கூத்தை வெட்டிட்டு பாட்டுக் கச்சேரி வைக்கிற நம்ம விழாக் கமிட்டிகள். விடிய விடிய ஆடுற ஆட்டத்தை, மந்திரி வர்றதுக்கு முன்னாடி 15 நிமிஷம் ஆடச் சொல்ற மேடைகள். அப்புறம், போட்டோ பிடிச்சுப் போட்டுட்டு ஆடினவர் பேரைக்கூட கேட்காத நாம.

மாறா நடந்ததும் இருக்கு. 1977-ல் ந.முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்து, தெருக்கூத்துதான் நம்ம தியேட்டர்னு எழுதியும் பேசியும் வந்தவர் அவர். நகரத்து நடிகர்கள் தம்பிரான்கிட்ட பாடம் படிச்சாங்க. புரிசைக்காரங்களோ மார்க்வெஸ் கதையையே கூத்தா ஆடினாங்க. அதனால கர்ணமோட்சம் அழிஞ்சா போச்சு? நமக்குப் பக்கத்துலயே, மேச்சேரி பக்கம் ஏர்வாடியில 'மணல்வீடு' சிற்றிதழ் நடத்துற மு.ஹரிகிருஷ்ணனைப் பாருங்க. நவீன இலக்கியம் எழுதுற அதே ஆள்தான் 'களரி' அமைப்பு வச்சு கூத்துக் கலைஞர்களைக் கூப்பிட்டு மரியாதை பண்ணி, விடிய விடிய ஆட வைக்கிறார். நவீனமும் மரபும் ஒரே வீட்டுல குடியிருக்கு. சண்டை போடறது வேடிக்கை பார்க்கிறவங்கதான்.

அதுக்காக நகரத்துலேர்ந்து வர்ற எல்லாக் கலைஞர்களுக்கும் மாலை போடச் சொல்லலை. கிரீடத்தையும் புஜக்கட்டையையும் படம் வரைஞ்சு வித்துட்டு, ஆடினவருக்கு ஒரு டீயோட கணக்கை முடிக்கிறது திருட்டு. என் நிபந்தனை மூணுதான்: ஆடுறவர் பேர் இருக்கணும், கூலி நியாயமா இருக்கணும், செஞ்ச வேலை முதல்ல அந்த ஊர்க்காரங்க முன்னாடி வரணும்.

செய்ய வேண்டியது கைக்கெட்டற தூரத்துல இருக்கு. பாப்பாரப்பட்டியில 1925-ல் கண்மூடினார் சுப்பிரமணிய சிவா. தொழுநோயோட ஊர் ஊரா நடந்த மனுஷன். மண்டபமும் மாலையும் இருக்கு, சரி. அந்த நடையை ஒரு ராத்திரிக் கூத்தா எழுதி ஆடினா, எட்டாவது படிக்கிற பையன்கூட விடியும்வரை உட்கார்ந்து பார்ப்பான். வயக்காட்டுல சாஞ்சு கிடக்கிற நடுகற்களை ஓவியர்கள் வரையட்டும், அந்தப் படங்களை சந்தை நாள்ல சந்தையிலேயே மாட்டட்டும்.

பழசைப் பூட்டி வச்சுக் காப்பாத்தினவங்க யாரும் இல்லை. புதுசா ஒருத்தன் செதுக்கினதாலதான் நடுகல்லே வந்துச்சு. நம்ம காலத்துக் கதைக்கு ஒரு கல்லு நடாம, பாட்டன் நட்ட கல்லுக்கு மட்டும் கற்பூரம் காட்டிக்கிட்டிருந்தா எப்படி?

மறுப்பு இருக்கிறவங்க தாராளமா வந்து அடிக்கலாம். ஆனா ஒரு கூத்தை முழுசா பார்த்துட்டு வாங்க, ஆமா!