பைத்தியத்துக்குப் பட்டாபிஷேகம்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தேன். ஓர் இளைஞர் எழுந்தார். "பைத்தியம் என்பது நோயே அல்ல, அது இன்னொரு பார்வை. அந்தப் பார்வையைத் திறந்துவிடக் காளானும் எல்.எஸ்.டி.யும் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு, மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

மழுப்பியது தவறு. அதற்குப் பரிகாரம்தான் இந்தக் கட்டுரை.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஜாதி, எழுத்தாளர் ஜாதி. 1953-ஆம் வருஷம் மே மாதம், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநோய் வைத்தியர் கொடுத்த மெஸ்கலினை ஆல்டஸ் ஹக்ஸ்லி சாப்பிட்டுப் பார்த்தார். அடுத்த வருஷமே அதைப் பற்றி ஒரு புஸ்தகம் வந்துவிட்டது. ஜாடியிலிருந்த பூக்கள் ஜொலித்ததும், கால்சட்டையின் மடிப்பில்கூட அழகு ததும்பியதும் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் ஹக்ஸ்லி தம் சொந்த வீட்டில், பக்கத்தில் வைத்தியர் இருக்க, அதைச் சாப்பிட்டார். அன்றைக்கே தெளிந்தும் விட்டார். மனச்சிதைவு கொண்டவனோ அந்த மருந்திலிருந்து வெளியே வரவே முடியாதவனைப் போன்றவன். இதை ஹக்ஸ்லியே அந்தப் புஸ்தகத்தில் சொல்லியிருக்கிறார். படித்தவர்கள் பூக்களை எடுத்துக்கொண்டார்கள், நோயாளியை விட்டுவிட்டார்கள்.

அதே ஆஸ்மண்டின் வட்டாரத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் புதிய மனநோய் ஆஸ்பத்திரி கட்ட வேண்டியிருந்தது. கியோஷி இசுமி என்ற கட்டடக் கலைஞர் எல்.எஸ்.டி.யைச் சாப்பிட்டுவிட்டுப் பழைய ஆஸ்பத்திரிக்குள் நடந்து பார்த்தார். நீண்ட தாழ்வாரம் முடிவே இல்லாததாகத் தோன்றியது. பளபளக்கும் சுவர்கள் பயமுறுத்தின. 'ஐயோ, இதற்குள்ளேயா இவர்களை அடைத்து வைத்திருக்கிறோம்!' என்பதுதான் அவர் கண்ட தரிசனம். அதற்கேற்பப் புதிய கட்டடத்தின் அமைப்பையே மாற்றி வரைந்தார். தன் மோட்சத்தைத் தேடாமல் பிறர் துன்பத்தைத் தெரிந்துகொள்ளச் சாப்பிட்டவர் அவர். அவரை நான் கும்பிடுகிறேன்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டனில், போதைப் பழக்கத்தைப் போக்குவதற்கென்றே சர்க்கார் நடத்திய ஆஸ்பத்திரியில், கைதிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் கறுப்பு மனிதர்கள். சிலருக்கு 77 நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். சோதனைக்கு உடன்பட்டவர்களுக்குச் சன்மானம் என்ன தெரியுமா? எந்தப் போதையைவிட்டு மீள வந்தார்களோ, அந்தப் போதையேதான்! ஹக்ஸ்லிக்குச் சொர்க்கம் காட்டிய அதே வகை மருந்துதான் இவர்களுக்கு நரகமாயிற்று. கொடுக்கும் கையும், கேட்டுப் பெற்ற சம்மதமும், இருக்கும் இடமும் மாறினால் மருந்தும் மாறிவிடுகிறது.

'அப்படியானால் இவை விஷம், தொடவே கூடாது என்கிறீரா?' என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்பார். அதுவும் என் கட்சி அல்ல. 1970-இல் அமெரிக்கச் சட்டமும், 1971-இல் சர்வதேச உடன்படிக்கையும் கதவை அடைத்தபோது, தெருக்கூத்தோடு சேர்த்து ஆராய்ச்சியும் வெளியே தள்ளப்பட்டது. குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்த ஆறு பழைய சோதனைகளை 2012-இல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 536 பேர். மருந்து பெற்றவர்களில் 59 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம். மற்றவர்களில் 38 சதவிகிதம். இது அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் அல்ல. காளானிலுள்ள சைலோசைபினை, வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குக் கொடுக்க, ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து குறிப்பிட்ட வைத்தியர்களுக்கு அனுமதி அளித்தது.

ஆனால் கணக்கை முழுதாகப் படிக்க வேண்டும். 2022-இல் வெளியான சோதனையில் 233 பேர். ஒரே ஒரு முறை 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் அந்தக் குணம் நிலைத்திருந்தது ஐந்தில் ஒருவருக்குத்தான். இத்தனைக்கும் முன்கூட்டியே பேசித் தயார்செய்து, பல மணி நேரம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்து, பிறகும் பேசிப் பார்த்துச் செய்த வைத்தியம் அது. இன்னொன்று: இப்படிப்பட்ட சோதனைகளில், சித்தபிரமை கண்டவர்களையும், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்களையும் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. பைத்தியத்துக்கு மருந்து என்று நம் இளைஞர் சொன்னாரே, பைத்தியக்காரனைத்தான் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்!

ஏன் நிறுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் சிநேகிதர் ஒருவரின் மகன் காலேஜில் மூன்றாம் வருஷம் படித்தபோது, கூட்டாளிகளோடு கொடைக்கானல் போய்க் காளான் தின்றான். மற்ற மூவரும் ராத்திரி முழுக்கச் சிரித்துவிட்டு, தூங்கி எழுந்து, ஊர் வந்து சேர்ந்தார்கள். இவனுக்கு மட்டும் தெளியவில்லை. காதில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். சிநேகிதரின் தம்பிக்கு அந்த நோய் இருந்தது. குடும்பத்தில் அதை மறைத்து வைத்திருந்தார்கள். பையனுக்கே தெரியாது.

நான்கு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். "காளான்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றைக்கோ வரவிருந்ததை இது இழுத்து வந்திருக்கலாம். ஆனால் நான்கு மாதம் தாமதித்தது பெரிய தவறு" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனின் தாயாரிடம், "ஏன் இத்தனை நாள் விட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கதானே அண்ணா எழுதினீங்க, பைத்தியக்காரன் கண்ணுக்குத்தான் நிஜம் தெரியும்னு? உங்க கதையை அவன் காட்டிக் காட்டிப் படிச்சான். நாங்களும் ஏதோ ஞானம் வந்திருக்குன்னு நெனச்சுட்டோம்."

அந்த அம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கதை நான் எழுதியதுதான். அதில் ஒரு கிறுக்கன் மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு உண்மை சொல்வான். அவன் ராத்திரி தூங்கினானா, யார் சோறு போட்டார்கள், யார் குளிப்பாட்டினார்கள் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பைத்தியத்துக்குப் பட்டாபிஷேகம் செய்து வைத்தேன். பைத்தியக்காரனைப் பற்றி யோசிக்கவில்லை.

பையன் இப்போது மூன்றாம் வருஷத்தை மறுபடி படிக்கிறான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை. உடம்பு பெருத்துவிட்டது, கை லேசாக நடுங்குகிறது என்று குறைப்படுகிறான். சென்ற வாரம் போயிருந்தபோது காபி கொண்டுவந்து கொடுத்தான். சாஸரில் கொஞ்சம் சிந்தியிருந்தது. "சத்தம் இப்போ கேக்கறதில்லே மாமா" என்றான். இதில் ஜொலிப்பு இல்லை, தரிசனம் இல்லை. மீட்சி என்றால் இதுதான்.

கூட்டத்தில் எழுந்து கேட்ட தம்பி, உனக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. ஆராய்ச்சி நடக்கட்டும், அதைத் தடுப்பவரோடு நானும் சண்டை போடுவேன். ஆனால் உன் பக்கத்து வீட்டில் ஒருவனுக்குக் காதில் குரல் கேட்கிறது என்றால், அவனிடம் காளானையும் கொடுக்காதே, என் கதையையும் கொடுக்காதே. டாக்டரிடம் அழைத்துப் போ. போகிற வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டிரு.