பிப்ரவரியோடு முடிவதன்று நீதி

1921-இல் அமெரிக்காவின் துல்சா நகரில், கறுப்பின மக்கள் உழைப்பால் எழுப்பிய கிரீன்வுட் வணிகப் பகுதியை வெள்ளை இனவெறிக் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. காப்பீட்டு நிறுவனங்களும் கைவிரித்தன. இன்று, பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் வந்தால் பல அங்காடிகள் அவர்களின் பொருள்களை முன்வரிசையில் அடுக்குகின்றன. மார்ச் பிறந்ததும் அந்த ஆர்வம் தணிந்துவிடுகிறது. கடை வாடகையோ பன்னிரண்டு மாதமும் கட்டவேண்டியது.

இறையச்சத்தாலன்றி நிறத்தால் எவருக்கும் மேன்மையில்லை என்று அறிவித்த நபி (ஸல்) அவர்கள், குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்றும் கற்பித்தார்கள். அமெரிக்க முஸ்லிம்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அங்கு வாழும் நம் குடும்பங்கள் அவர்களோடு தோள்சேர்ந்து தொழுகின்றன. அத்தரோ சோப்போ வாங்கும்போதும் அவ்வுறவு தொடரட்டும். இது ஸதகா அன்று; நியாயமான விலைக்கு நல்ல பொருள். மாதம் ஒன்றையேனும் அவர்களிடம் வாங்குவோம்.