பிரான்கி மில்லர் என்னும் பாடகர்

மில்லர் என்னும் பெயர் தென்னாட்டு மிஷன் கல்லூரிகளோடு தொடர்புடையார்க்குப் புதிதன்று. ஸ்காத்லாந்திலிருந்து 1862-ம் ஆண்டில் சென்னைக்கு வந்து, கிறிஸ்தவக் கல்லூரியைப் பல்லாண்டு தலைமை தாங்கி நடத்திய வில்லியம் மில்லர் துரையவர்களை நம் முன்னோர் எவ்வளவு போற்றினர் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் நாம் இங்கு எழுதப் புகுந்தது அவரைப் பற்றியன்று. அதே நாட்டிலே, அதே குடிப்பெயருடன், முற்றும் வேறான சூழ்நிலையிற் பிறந்த பிரான்கி மில்லர் என்னும் பாடகரைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாங்கான பாடல்களைப் பாடிய வேறொரு பிரான்கி மில்லரும் உண்டு. இசைத்தட்டு தேடுவோர் இருவரையும் ஒருவராக மயங்காதிருத்தல் நலம்.

நம்மவர் கருதும் இவர் ராக், புளூஸ் என்னும் இருவகை இசையிலும் வல்லவர். இவரைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைக் கூறி முடித்துவிடுவதைக் காண்கிறோம். கறுப்பரின் குரலை அப்படியே போலிசெய்து பாடிய வெள்ளையர் என்பது ஒன்று. நல்ல குரல் வாய்த்தும் அதன் பயனை அடையாமல் நோய்ப்பட்டவர், பாவம், என்பது மற்றொன்று. முன்னது பழிப்பு, பின்னது இரக்கம். இரண்டும் பாட்டைக் காதால் கேளாதார் கூற்று என்பதே நமது அபிப்பிராயம்.

பிரான்கி 1949-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி கிளாஸ்கோ நகரின் கீழைப்பகுதியாகிய பிரிட்ஜ்டனில் பிறந்தார். தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதி அது. முதலில் கைத்தறியாளர் குடியேறிய இடமாயிருந்து, 19-ம் நூற்றாண்டிலே பஞ்சாலைகள் நிறைந்த இடமாயிற்று. அவ்வாலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? அந்நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் ஆலைகளில் நூலான பஞ்சின் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் கொய்தது. அதற்கு முன்னரே கிளாஸ்கோ வணிகர், அடிமைகள் விளைவித்த புகையிலையாலும் சர்க்கரையாலும் பெருஞ்செல்வரானார்கள். நகரின் நடுவேயுள்ள வர்ஜீனியாத் தெருவும் ஜமெய்க்காத் தெருவும் அச்செல்வத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அடிமைகளின் பஞ்சு கடல் கடந்து வந்த அத்திசையிலிருந்தே, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அவ்வடிமைகளின் பேரப்பிள்ளைகள் பாடிய பாட்டும் இசைத்தட்டுகளாய் வந்து சேர்ந்தது. பஞ்சினால் இலாபம் வணிகர்க்கு. பாட்டு வந்து சேர்ந்ததோ ஆலைத் தெருப் பிள்ளைகளிடம்.

புளூஸ் என்பது அறியாதார்க்கு ஒரு சொல். பன்னிரண்டு தாளக்கட்டில் அடங்கும் சிறு வடிவம் அது. முதலடியைப் பாடி, அதனையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடைபோல ஒன்றைச் சொல்லி முடிப்பர். துயரத்தைச் சொல்வது, ஆனால் அழுகையன்று. வடிவம் எளிது, ஆதலால் பாடுவோன் குரலில் மெய் இல்லையேல் ஒன்றுமே இல்லாமற் போகும். மின்சாரக் கிதாரும் முழவும் சேர்ந்து வேகங்கொண்டபோது அதிலிருந்து கிளைத்தவற்றுள் ஒன்றே ராக் என்பது.

பிரான்கியின் தாயார் ரே சார்ல்ஸ் என்னும் கண்ணற்ற கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டுகளில் மிகுந்த பற்றுடையவர். தமக்கையர் லிட்டில் ரிச்சர்டையும் எல்விஸ் பிரெஸ்லியையும் கேட்பவர்கள். ஒன்பது வயதிற் பெற்றோர் கிதார் ஒன்று வாங்கிக் கொடுக்க, சிறுவன் தானே பாட்டுக் கட்டத் தொடங்கினான். பன்னிரண்டு வயதில் அவன் இயற்றியதாகச் சொல்லப்படும் பாட்டொன்று உண்டு. "ஐ கான்ட் சேஞ்ச் இட்" என்பது அதன் பெயர். அதை நான் மாற்ற இயலாது என்பது பொருள். இப்பாட்டைப் பற்றிப் பின்னரும் கூறுவோம்.

இனிப் போலி என்னும் பழிப்பைப் பார்ப்போம். பிரான்கியின் குரல் கரகரத்தது. மேலே எழும்போது கிழிவது போலிருந்து கிழியாமல் நிற்பது. சொல்லின் இறுதியை விடாது பற்றிக் குலுக்குவது. 1967-ம் ஆண்டு டிசம்பரில், தமது 26-ம் வயதில், விமான விபத்தில் இறந்த ஓட்டிஸ் ரெடிங் என்னும் கறுப்பினப் பாடகரின் குரலை அது நினைவூட்டுகிறது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் நினைவூட்டுதல் குற்றமாகுமோ? நம் நாட்டில் வித்துவான் ஒருவர் தம் ஆசிரியரின் பாணியை அப்படியே பாடினால், "இது இன்னார் வழி" என்று தலையசைத்து மகிழ்கிறோம். அவ்வாசிரியர் காலடியில் இருந்து அவர் பயின்றார் என்பதே நாம் அதற்குக் கூறும் நியாயம். பிரிட்ஜ்டன் சிறுவனுக்கோ இசைத்தட்டே ஆசிரியர். ஏகலைவனை நாம் போலி என்று சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்தாரிடம் வலிய நியாயம் ஒன்றிருக்கிறது; அதை மறைத்தல் நேர்மையாகாது. கறுப்பர் இயற்றிய பாட்டுகளை வெள்ளையர் பாடிப் பொன்னும் பொருளும் சேர்க்க, இயற்றியவர்கள் வறுமையிலே கிடந்த சரித்திரம் உண்மையானது. அச்சரித்திரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளைப் பாடகரையும் கேள்வி கேட்பது நியாயமே. கேட்டபின் விடையையும் கேட்கவேண்டும் என்பதே நமது வழக்கு. பிரான்கி எவ்வாறு நடந்தார்?

1971-ல் ராபின் டிரோவர் என்னும் கிதார் வல்லுநருடன் ஜூட் என்ற கோஷ்டியில் சிலகாலம் பாடினார், அக்கோஷ்டி நிலைக்கவில்லை. 1973-ல் அவருடைய முதல் இசைத்தட்டு லண்டனில் வெளிவந்தது. சிறுவயதில் இயற்றிய மேற்கூறிய பாட்டும் அதில் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு அவர் செய்த காரியமே நமக்கு முக்கியமானது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்குச் சென்று, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின இசைமேதை ஆலன் டூசாண்ட் என்பவரிடம் தம்மை ஒப்புவித்தார். "ஹை லைப்" என்னும் அவ்விசைத்தட்டை அமைத்து நடத்தியவர் டூசாண்ட். அதிலுள்ள பாட்டுகள் பலவற்றை இயற்றியவரும் அவரே. பெயர் மறைக்கப்படவில்லை, பெருமை திருடப்படவில்லை. ஊற்றுக்கே சென்று, கேட்டு, பெற்றார்.

பிறகு நடந்ததுதான் வருந்தத்தக்கது. டூசாண்ட் அமைத்த ஒலியை இசைத்தட்டுக் கம்பெனியார் அவர்களைக் கேளாமலே மாற்றிக் கலந்து வெளியிட்டனர். பாடியவரும் அமைத்தவரும் கருதிய வடிவம் 2011-ல் வெளிவந்த தொகுப்பிலேதான் மக்கள் கைக்குக் கிடைத்தது. 37 ஆண்டு! அதற்குள் அவ்விசைத்தட்டிலுள்ள சில பாட்டுகளைப் பிறர் பாடிப் புகழ் பெற்றுவிட்டனர். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்போர் எது மேல் என்று தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். நமக்கு ஐயமில்லை.

1975-ல் சான்பிரான்ஸிஸ்கோவில் "தி ராக்" என்னும் இசைத்தட்டு பதிவாயிற்று. பாறை என்ற அப்பெயர் அந்நகர் விரிகுடாவில் நிற்கும் அல்கட்ராஸ் தீவுச் சிறையைக் குறிப்பது. 1977-ல் "புல் ஹவுஸ்". இவ்வாறு ஆண்டுதோறும் புதிய ஊர், புதிய அமைப்பாளர், புதிய கோஷ்டி. இசைவாணர் ஒருவரை ஓரிடத்தில் வேரூன்ற விடாமல், இந்தமுறையாவது விற்குமா என்று இடம் மாற்றி நட்டுக்கொண்டேயிருந்தனர் எனலாம். குரல் ஒன்றே மாறாதிருந்தது. இடையில் தின் லிஸி என்னும் அயர்லாந்துக் கோஷ்டியார் 1974-ல் பதிந்த ஒரு காதற்பாட்டில் பில் லைனட்டுடன் சேர்ந்து பாடியதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

1978-ம் ஆண்டு இறுதியில் "டார்லின்" என்னும் பாட்டு பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் 6-ம் இடத்தை எட்டியது. அதுவே அவர் பெற்ற பெரிய வெற்றி. ஆனால் அது அவர் இயற்றியதன்று. அதே ஆண்டில் அவர் இயற்றிய "எய்ன்ட் காட் நோ மனி" என்பதை அமெரிக்கரான பாப் சீகர் பாடிப் பல்லாயிரவர் கேட்டனர். தம் பாட்டால் பிறரும், பிறர் பாட்டால் தாமும் பெயர்பெற நேர்ந்தது. கையில் காசில்லை என்று புலம்பும் பாட்டு பிறர் பையை நிரப்பிய வேடிக்கையையும் வாசகர் கவனிப்பாராக.

1979-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய "ஜஸ்ட் எ பாய்ஸ் கேம்" என்னும் நாடகத்தில் நடித்தார். பீட்டர் மக்டூகல் எழுதியது. கிரீனக் துறைமுகத்துத் தொழிலாளரின் முரட்டு வாழ்வைக் காட்டுவது. அதில் பிரான்கி பாடகராக வரவில்லை. பேச்சுக் குறைந்த ஒரு தொழிலாளியாக வருகிறார். பாடும்போது தம்மை முழுதும் கொட்டிவிடும் ஒருவர், முகத்தை அடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பதைக் காணும்போது, அப்பாட்டுகள் எதனை உடைத்துக்கொண்டு வெளிவந்தன என்பது விளங்குகிறது.

"கலிடோனியா" பற்றியும் கூறாமல் விடலாகாது. ஸ்காத்லாந்துக்கு உரோமர் வழங்கிய பழம்பெயர் அது. டகி மக்லீன் இயற்றிய அப்பாட்டை 1990-களின் தொடக்கத்தில், லண்டன் வாழ்வு வெறுத்துத் தாய்நாடு திரும்பும் இளைஞன் ஒருவனைக் காட்டிய தொலைக்காட்சி விளம்பரத்திற்காகப் பிரான்கி பாடினார். மக்கள் விரும்பிக் கேட்கவே, 1992-ல் தனித்தட்டாகவும் வந்தது. விளம்பரம் எதற்கென்றால், பீருக்கு. மதுவிலக்குச் சங்கங்களைத் தோற்றுவித்த மிஷனரிமாரின் நாட்டிலே தேசபக்திப் பாட்டு பீர்க்கடைக்குச் சேவகம் செய்வதை நாம் மெச்சமுடியாது. ஆயினும் பாட்டைக் கேட்கும்போது பீரின் நினைவு வருவதில்லை. ஊர் நினைவே வருகிறது. கிளாஸ்கோ உச்சரிப்பை ஒளிக்காமல் அவர் அதில் பாடுகிறார். அமெரிக்கக் கறுப்பரிடம் கற்ற கரகரப்பும் பிரிட்ஜ்டன் தெருவின் நாவும் ஒரே மூச்சில் வருகின்றன. போலி செய்பவரால் இது கூடுமா?

ரே சார்ல்ஸ் பற்றிக் கூறுவோம் என்றோமே. 1980-ல் வெளிவந்த தமது இசைத்தட்டில் அவர் ஒரு பாட்டைச் சேர்த்துக்கொண்டார். அது "ஐ கான்ட் சேஞ்ச் இட்". தாயார் வைத்திருந்த தட்டுகளிற் கேட்ட குரலைக் கொண்டு சிறுவன் கட்டிய பாட்டை, அக்குரலுக்குரியவரே எடுத்துப் பாடினார். கடன் வாங்கினவன் திருப்பித் தந்ததைக் கடன் கொடுத்தவர் மனமுவந்து பெற்றுக்கொண்டபின், பக்கத்து வீட்டார் வழக்காட வருவது எதற்கு?

1994-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில், ஜோ வால்ஷ் முதலியோருடன் புதிய கோஷ்டி அமைத்துக்கொண்டிருந்த வேளையில், பிரான்கிக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. ஐந்து மாதம் நினைவின்றிக் கிடந்தார். கண் விழித்தபோது நடையும் பேச்சும் போயிருந்தன. அப்போது வயது 44-க்கும் 45-க்கும் இடை. துணைவியாரின் பராமரிப்பில் நடக்கவும் சொற்களைச் சொல்லவும் குழந்தைபோலத் தொடக்கமுதல் பழகினார். மேடைக் குரல் திரும்பவில்லை.

இங்கேதான் இரக்கம் வந்து நுழைகிறது. அவர்பால் இரங்குதல் மனிதத்தன்மையே. நாம் அதைக் கண்டிக்கவில்லை. 1973-ல் பாடியதை 1994-ன் கண்ணீரோடு கேட்பதையே கண்டிக்கிறோம். அப்படிக் கேட்போர்க்கு ஒவ்வொரு கரகரப்பும் வரப்போகும் நோயின் முன்னறிவிப்பாகத் தோன்றுகிறது. அது பொய். இருபத்து மூன்று வயதில் அவர் பாடியது வலிமையால்; குறும்பும் அதில் நிறைய உண்டு. சிரிக்கவேண்டிய இடத்தில் நாம் பெருமூச்செறிந்தால் பாட்டுக்கு இழுக்கு.

நோய்க்குப் பின்னர் வெளிவந்தவற்றுள் 2016-ம் ஆண்டின் "டபிள் டேக்" என்னும் தொகுப்பு குறிப்பிடத்தக்கது. நோய்ப்படுமுன் பிரான்கி பாடிவைத்து வெளியிடாதிருந்த மாதிரிப் பதிவுகளிலிருந்து அவர் குரலை மட்டும் பிரித்தெடுத்து, புதிய வாத்தியங்களை அமைத்து, ராட் ஸ்டூவர்ட், எல்டன் ஜான், பானி டைலர், வில்லி நெல்ஸன் முதலிய பெரும்பாடகர் உடன்பாட, வெளியிட்டனர். முடிவுபெறாதவற்றைப் பிறர் முடித்து விற்பது முறையா என்று கேட்பார் உளர். உடையவர் உயிரோடிருந்து, அவர் குடும்பமே எடுத்துக் கொடுத்தது என்பதால் முறையென்றே கொள்கிறோம். ஆனால் சில பாட்டுகளில் மெருகு மிகுந்துவிட்டது. கரடுமுரடான அக்குரலுக்குப் பின்னே இத்தனை பளபளப்பு வேண்டியதில்லை. ஒரு கிதார் போதும்.

அவ்வகையில் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது எல்டன் ஜான் உடன்பாடும் பாட்டையே. அதிலே பங்கு கொண்டவர்களுள் ஸ்டீவ் கிராப்பர் என்னும் கிதார் கலைஞரும் ஒருவர். 1967-ல், விமானம் ஏறி இறப்பதற்குச் சில நாள் முன்னர் ஓட்டிஸ் ரெடிங் பதிந்த அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டை அவரோடு கூட இருந்து இயற்றியவர் இந்தக் கிராப்பரே.