வெயிலுக்கும் கூண்டு ஏற்றுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் அரசிடமிருந்து ஆண்டுதோறும் ஓர் அறிவுரை வரும்: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கர்ப்பிணிகள் கவனமாக இருங்கள். வீட்டுக்குள் இருக்க வசதியுள்ளவர்களுக்கு நல்ல அறிவுரைதான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கும் பெண்ணும், பண்ருட்டித் தோப்பில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் பெண்ணும், குறிஞ்சிப்பாடிப் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் பெண்ணும் இதைக் கேட்டு என்ன செய்ய முடியும்? வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. போனால் என்ன ஆகும் என்பதை அண்மைக் கால மருத்துவ ஆய்வுகள் எண்களோடு சொல்லத் தொடங்கிவிட்டன. வெயிலை வேலைத்தள ஆபத்தாக அரசு அறிவித்து, அதற்கென விதி வகுக்க வேண்டும். அறிவுரைகளின் காலம் முடிந்துவிட்டது.

முதல் ஆய்வு கடலூர்க்காரர்களான நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வயல், செங்கல் சூளை போன்ற வெக்கை மிகுந்த இடங்களில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் பள்ளி, மருத்துவமனை போன்ற குளிர்ச்சியான இடங்களில் இருந்தவர்கள். பி.ஜே.ஓ.ஜி. என்ற மகப்பேறு மருத்துவ இதழில் 2024-ல் முடிவு வெளியானது. நிழலில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு இருவருக்குக் கரு கலைந்தது. வெக்கையில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு. பிற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வெக்கையில் உழைப்பவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்காகவே இருந்தது. கள்ளக்குறிச்சி 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த பகுதி. அங்குள்ள வயல்களும் கூலி முறையும் இங்குள்ளவைதாம். அந்த முடிவை வேறு யாருக்கோ உரியது என்று நாம் ஒதுக்க முடியாது.

அடுத்தது சிறுநீரகம். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெக்கையில் உழைப்பது தெரிந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் மாநிலத்தின் பல பகுதிகளில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இந்நோய்க்கான வழக்கமான வேறு காரணமோ இல்லை. காரணம் தெரியாத இத்தகைய சிறுநீரக நோய் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் பல ஆண்டுகளாக உழைப்பாளிகளைச் சாய்த்துவருகிறது. பூச்சிமருந்து, குடிநீர் என்று வேறு சந்தேகங்களும் உண்டு. ஆனாலும் வெயிலும் நீரிழப்பும் ஒவ்வொரு பட்டியலிலும் இடம்பெறுகின்றன.

உடலுக்குள் நடப்பது இதுதான். வெயிலில் கடுமையாக உழைக்கும்போது உடல் தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அந்த அளவுக்குக் கருப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் குறைகிறது. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறி, சிறுநீர் சுண்டுகிறது. ஒரு நாள் என்றால் உடல் தேறிவிடும். மாதக்கணக்கில் தினமும் நடந்தால் சிறுநீரகத்தில் விழும் சின்னச் சின்னக் காயங்கள் ஆறாமல் தழும்பாகின்றன. பெண்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. வயலிலும் மீன் ஏலக்கூடத்துச் சுற்றுப்புறத்திலும் சுத்தமான கழிப்பறை கிடைப்பது அரிது. ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் தொற்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்று கழிப்பறை இல்லாத இடத்தில் சொல்வது பாதி வைத்தியம்கூட ஆகாது.

கடற்கரை மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி கடற்கரை ஊரில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும்; அந்த ஊருக்கு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. ஆனால் கடலூரில் ஆளை வீழ்த்துவது வெப்பமானியில் தெரியும் சூடு மட்டும் இல்லை, காற்றிலுள்ள ஈரமும்தான். ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிகிறது, உடல் குளிர்வதில்லை. கடற்காற்று தாமதமாகும் நாளில் முதுநகரின் 36 டிகிரி, உள்மாவட்டத்தின் வறண்ட 40 டிகிரியைவிட உழைப்பவர்களுக்குக் கொடியதாகலாம். அந்த நாள் வெப்ப அலைப் பட்டியலில் ஏறாது. அதனால்தான் ஆய்வாளர்கள் வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ‘டபிள்யூ.பி.ஜி.டி.’ என்ற அளவைக் கையாள்கிறார்கள். கடுமையான வேலைக்கு அந்த அளவில் 27.5 டிகிரிதான் பாதுகாப்பு வரம்பாகக் கள்ளக்குறிச்சி ஆய்வில் கொள்ளப்பட்டது. நம் கோடையில் பெரும்பாலான வேலைநாட்கள் அதைக் காலையிலேயே தாண்டிவிடும்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. கூண்டின் எண்ணைப் பார்த்ததும் படகுகள் கரையேறுகின்றன; வானிலை அறிக்கையைப் படித்துப் பொருள் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்ட ஏற்பாடு அது. ஆழிப்பேரலை, தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாக அடிபட்ட இந்த மாவட்டம் நீருக்கும் காற்றுக்கும் அப்படி ஓர் ஒழுங்கைக் கற்றுக்கொண்டிருக்கிறது. வெயிலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்: இன்ன அளவைத் தாண்டினால் இன்ன நேரத்துக்கு வெளிவேலை கிடையாது, இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் ஓய்வு.

இது நடக்காத காரியமா? கேரளத்தில் கோடை வந்தால் பகல் 12 முதல் 3 வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் ஆணையர் உத்தரவிடுகிறார். கத்தார் நாட்டில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை, டபிள்யூ.பி.ஜி.டி. 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அங்கே கிடைக்கும் இந்த மதிய ஓய்வு, ஊரில் கூலிக்குப் போகும் அவர்களுடைய அக்கா தங்கைகளுக்குக் கிடையாது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்பதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளை நிறுத்துகிறோம். அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. சரியான சட்டம், சரியான உதவி. அதே இரண்டு மாதக் கொடும் வெயிலில் கருவைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை? 2021-ல் தமிழ்நாடு, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. கால் கடுக்க நின்றவர்களின் வலியைப் புரிந்துகொண்ட சட்டமன்றத்துக்கு, வெயிலில் குனிந்து நிற்பவர்களின் வலி புரியாமல் போகாது.

மறுப்புகள் வரும். ஆய்வில் 800 பேர்தானே, வறுமையும் சத்துக்குறைவும்கூடக் காரணமாக இருக்கலாமே என்பது ஒன்று. இருக்கலாம், அவையும் சேர்ந்துதான் தாக்குகின்றன. ஆனால் கர்ப்பிணிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேரை வெயிலுக்கு அனுப்பிச் சோதிக்க மனசாட்சியுள்ள மருத்துவர் எவரும் முன்வர மாட்டார். ஆகவே கிடைக்கும் சான்று இந்த வகையில்தான் இருக்கும். கேட்கப்படும் பரிகாரம் நிழல், தண்ணீர், ஓய்வு, கழிப்பறை ஆகியவைதாம். சான்று நாளை சற்று மாறினாலும் இவற்றால் யாருக்கும் கெடுதல் வராது.

இரண்டாவது மறுப்பு கனமானது. வேலைநேரத்தைக் குறைத்தால் சிறு விவசாயி தாங்குவாரா? கர்ப்பிணிக்குச் சலுகை என்றால் அவரை வேலைக்கே கூப்பிடாமல் விட்டுவிடுவார்களே? எல் சால்வடாரில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம் ஒரு சிறு முன்னோட்டம் நடந்தது. முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழற்கூடாரம், நேரப்படி ஓய்வு, மேம்படுத்திய வெட்டுக்கத்தி ஆகியவை கொடுக்கப்பட்டன. ஆளுக்கு நாளொன்றுக்கு 5.1 டன்னாக இருந்த வெட்டு 7.3 டன்னாக உயர்ந்தது. இதில் கத்திக்கும் பங்கு உண்டு என்றாலும் ஓய்வால் வெட்டும் அளவு குறையவில்லை என்பது தெளிவு. நெல்லிக்குப்பம் கரும்புக்காட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். கர்ப்பிணியின் இழப்பைப் பொறுத்தவரை, அதை விவசாயியின் தலையில் கட்டக் கூடாது. அரசு ஏற்க வேண்டும்.

இப்போது அரசு ஏற்பது எது? 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று தமிழ்நாடு உத்தரவிட்டது. வரவேற்கத்தக்க அறிவிப்புதான். ஆனால் அது உயிர் போன பிறகு வரும் பணம். கரு கலைந்த பெண்ணும், பத்துக் கோடைகளில் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் படுக்கைக்கு வந்தவரும் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார ஊதிய விடுப்பைக் கொண்டுவந்தது. அது நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். கூலிப் பெண்ணுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி. எண்ணித் தரும் அந்த உதவியால் கோடை முழுவதும் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, மார்ச் முதல் ஜூன் வரை அரசுப் பணத்தில் நடக்கும் திறந்தவெளி வேலைகள் அனைத்திலும் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கட்டாயமாக வேண்டும். நூறு நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலை, சாலைப் பணி, மாநகராட்சித் தூய்மைப் பணி எல்லாம் இதில் அடக்கம். அந்த நேரத்துக்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது. அரசு தன் வேலையில் செய்து காட்டினால்தான் தனியாரிடம் கேட்க வாய் வரும்.

இரண்டாவது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே என்ன வேலை, எவ்வளவு நேரம் வெயிலில் என்று கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டு எழுத வேண்டும். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதால், பதிவு தள்ளிப்போகக் கூடாது. வெயிலில் உழைக்கும் கர்ப்பிணிகளுக்கு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம்போல, கோடை மாதங்களுக்கு எனத் தனித் தொகை வேண்டும்.

மூன்றாவது, விவசாயம், மீன், உப்பு, சூளைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனை. 2023-ல் தொடங்கிய அரசின் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பட்டைச் சோதனைதான் முதல் படி. சர்க்கரை நோயால் வரும் பாதிப்பை அது நன்றாகப் பிடிக்கும். உழைப்பாளிகளின் இந்த நோயிலோ தொடக்கத்தில் புரதக் கசிவு மிகக் குறைவு. பட்டை நிறம் மாறாமலே சிறுநீரகம் பாதி போய்விடும். சல்லடைக் கண் பெரிதாக இருப்பது தெரிந்த பிறகும் அதையே வைத்துச் சலிப்பது நியாயமில்லை.

நான்காவது கோரிக்கை சிதம்பரத்தை நோக்கியது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-ல் தொடங்கி, 2021-ல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியான நிறுவனம் அண்ணாமலை நகரில் இருக்கிறது. மகப்பேறு, சமூக மருத்துவம், பொது மருத்துவம் எல்லாம் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. முதுநகர் துறைமுகம், சிப்காட் ஆலைகளைச் சுற்றிய ஊர்கள், நெய்வேலி, பண்ருட்டி, வீராணம் பாசன வயல்கள் என்று ஐந்து இடங்களில் வெக்கையை அளந்து, உழைப்பவர்களின் உடல்நிலையை மூன்று கோடைகள் தொடர்ந்து பதிவு செய்ய அதற்கு ஆளும் அறிவும் உண்டு. பணத்தை மாநில அரசு ஒதுக்க வேண்டும். முடிவுகள் ஆங்கில இதழ்களோடு நின்றுவிடாமல், ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும்.

ஓய்வு உத்தரவுக்கு ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரும் தொழிலாளர் துறையும் நினைத்தால் அடுத்த மார்ச்சுக்குள் தொடங்கலாம். அதற்கான கூட்டத்தைக் கத்திரி தொடங்கிய பிறகு கூட்டாமல் தை மாதத்திலேயே கூட்டட்டும். துறைமுகத்துப் பெண்களையும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தினரையும் அதில் உட்கார வைத்து, ஓய்வு நேரத்தை அவர்களைக் கேட்டே முடிவு செய்யட்டும்.