திருஷ்டி இல்லை சார், அமோனியா!

மீன் தொட்டி உள்ள வீடுகளில் ஒரு மீன் செத்து மிதந்தால் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? 'நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு.' செத்தது வாஸ்து மீன் என்றால் நிம்மதி இன்னும் கூடுதல். மறுநாளே அடுத்த மீன் வந்துவிடும். பத்து நாளில் அதுவும் 'கண்டம் வாங்கி' விடும்.

வாஸ்து மீன் என்று நம் தலையில் கட்டப்படும் ஃபிளவர்ஹார்ன், 1990-களில் மலேசியாவில் உருவான கலப்பினம். மயன் அதைப் பார்த்ததே இல்லை. உங்கள் கண்டத்தை வாங்க எந்த மீனும் பிறக்கவில்லை. அதைக் கொன்றது நீங்கள் ஊற்றிய தண்ணீர்.

மீன் செவுள் வழியாக அமோனியாவைக் கழிக்கிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. கண்மாயில் அது கரைந்து போகும். கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற பாக்டீரியாக்கள் உண்டு. ஃபில்டர் பஞ்சில் அவை குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். நாமோ காலையில் தொட்டி வாங்கி, சாயங்காலமே பத்து மீனை விடுகிறோம். கடைக்காரரும் 'தாராளமா விடலாம் சார்' என்கிறார். அவருக்கென்ன, அடுத்த வாரமும் வியாபாரம்!

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். இங்கே பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு, பி.எச். 8-ஐத் தொடுவதுண்டு. பி.எச். 7-ல் இருப்பதைவிட 8-ல் அமோனியாவின் விஷப்பகுதி ஏறக்குறைய 10 மடங்கு. சித்திரை வெயிலில் இன்னும் ஏறும். 'நான் கார்ப்பரேஷன் தண்ணிதானே ஊத்தினேன்' என்பீர்கள். அதில் இருக்கும் குளோரின் செவுளைப் பொசுக்கும். ஞாயிறுதோறும் பஞ்சைக் குழாயடியில் அலசுகிறீர்களே, பாடுபட்டுச் சேர்ந்த பாக்டீரியாவும் அதோடு காலி.

சிலர் அமேசான் மீனான டிஸ்கஸுக்காக ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு லிட்டர் தர அந்த மெஷின் இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊரில் இது அடுக்குமா? கப்பி, மோலி, பிளாட்டிக்கு நம் கடினத் தண்ணீரே பிடிக்கும். தண்ணீருக்கேற்ற மீனை வாங்குங்கள். இரண்டு மீனோடு ஆரம்பியுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். வாரம் கால்வாசி மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

பாண்டியன் கொடியில் மீன். நம் அம்மன் பெயரிலேயே மீன் கண். அந்த ஊரில் ஒரு உயிரை அலட்சியத்தால் கொன்றுவிட்டு, அதைப் புண்ணியக் கணக்கில் வரவு வைக்கிறோம்! அடுத்த முறை மீன் மிதந்தால் ஜோசியரைத் தேடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அமோனியா இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.