ரேடியோவை விற்றுப் பிறந்த பாட்டு

"இளையராஜாவை ஆளாக்கியது ரேடியோதான்" என்றார் ஒருவர். "இல்லை, சினிமாதான். அதிலும் நம்ம ஊர்ப் பக்கத்துப் பஞ்சு அருணாசலம் தூக்கிவிட்டார்" என்றார் மற்றவர். காரைக்குடி டீக்கடை பெஞ்சில் நடந்த வழக்கு இது. இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் பாதி உண்மை! மறு பாதி உழைப்பாளி மக்களாகிய நமக்குச் சொந்தமானது. அதை நாமே மறந்துவிட்டால் வேறு யார் நினைவு வைத்திருப்பார்கள்?

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்த ராசையாதான் பிற்காலத்து இளையராஜா. அமர்தான் கங்கை அமரன். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் நடுவே பாவலரின் பாட்டு முழங்கியது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் ஜனங்களின் கஷ்டத்தை வைத்துப் பாடியதுதான் அந்தக் குழுவின் வித்தை. கொழுந்து பறிப்பவளுக்குப் புரியாத பாட்டு அந்த மேடையில் ஐந்து நிமிஷம் நிற்காது. இளையராஜாவின் முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

அந்த மேடையின் வாத்தியம் ஆர்மோனியம். அதற்கு நம் நாட்டு ரேடியோ செய்த மரியாதை என்ன தெரியுமா? 1940-ல், லயனல் ஃபீல்டன் என்ற வெள்ளைக்காரர் அகில இந்திய ரேடியோவின் தலைவராக இருந்த காலத்தில், ஆர்மோனியத்துக்குத் தடை போட்டார்கள். அது கமகம் பேசாதாம்! வித்வான்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒருவர் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கூரைக்கொட்டகையிலும் திறந்த வெளியிலும் வாசிக்கக்கூடிய ஏழையின் வாத்தியம் அது. வெள்ளைக்காரன் 1947-ல் போனான், தடை போகவில்லை. 1971-ல்தான் ஓரளவு தளர்ந்தது.

சினிமாப் பாட்டுக்கும் அதே கதிதான். 1952-ல் மந்திரி கேஸ்கர் அதை ரேடியோவிலிருந்து விரட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள்! கடைசியில் சர்க்காரே இறங்கிவந்து 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஜனங்களின் காதைச் சர்க்கார் உத்தரவால் திருப்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு சங்கதி. 1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாயார் சின்னத்தாய் அம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கையில் கொடுத்ததாகச் சகோதரர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. கவிஞர் கண்ணதாசனின் அண்ணன் மகனான பஞ்சு அருணாசலம், மேஜையில் தாளம் தட்டிப் பாடிய இளைஞனை நம்பி வாய்ப்புக் கொடுத்தார். பிறகு எந்த ஊர் ரேடியோவைத் திருப்பினாலும் அந்தப் பாட்டுத்தான். தாய் ஒரு ரேடியோவை விற்றாள். மகன் பாட்டு நாடெங்கும் இருந்த ரேடியோக்களில் ஏறியது! ஆனால் அண்ணன் அதைக் கேட்கவில்லை. பாவலர் 1973-லேயே மறைந்துவிட்டார்.

ஆகவே தோழர்களே, ரேடியோ ஊதுகுழல்தான்; மூச்சு நம்முடையது. இதைச் சொல்லிவிட்டு ஊதுகுழலே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? கூடாது! குழல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் விரும்பிய பாட்டுத்தான் நிலைக்கும். மேடைப் பாட்டு கூட்டம் கலைந்ததும் காற்றோடு போய்விடுகிறது. தம்பியின் பாட்டைப் பேரப்பிள்ளைகளும் பாடுகிறார்கள். அண்ணன் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

நம் சீமையிலும் இந்த மரபு புதிதல்ல. காரைக்குடிக்கு அருகே சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவா தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டியவர். இன்றும் நம் வயல்களில் நடவு நடும் கிழவிகளிடம் தெம்மாங்கு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, குலவை இருக்கிறது. நடவு மிஷின் வந்ததும் வரப்பில் பாட்டுக் குறைகிறது. பாடிய வாயும் மூப்படைகிறது. அந்த மெட்டைச் சினிமாக்காரர் எடுத்தால் 'நாட்டுப் பாடல்' என்று பொதுப்பெயர் போடுகிறார்கள். பாடிய கிழவிக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை.

என்ன செய்யலாம்? முன்பு பாட்டைப் பதிய கிராமபோன் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். இன்று அந்த வசதி நம் சட்டைப்பையில் உள்ள செல்போனிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் ஊர்ப் பாட்டைப் பதியட்டும். பாடியவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதி வைக்கட்டும். மதுரை, திருச்சி வானொலி நிலையங்கள் வயலுக்கு வந்து பதிந்து, பாடியவருக்கு உரிய சன்மானம் தர வேண்டும் என்று கேட்போம். சினிமாவில் எடுத்தால் பெயர் போடு, பங்கு கொடு என்று கேட்போம்.

விதைநெல்லைப் பத்திரப்படுத்தத் தெரிந்த கைகளுக்குப் பாட்டைப் பத்திரப்படுத்தத் தெரியாதா?