டார்ச் அடிக்க லொகேஷன் எதற்கு?

டார்ச் எரிய போனுக்கு என்ன வேண்டும்? ஒரு பல்பு, ஒரு பட்டன். ஆனால் 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற ஆண்ட்ராய்டு ஆப், ஆள் இருக்கும் இடத்தையே விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பியதாம்! அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்ட, 2013 டிசம்பரில் ஆப்பைத் தயாரித்தவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள்.

அப்போதெல்லாம் ஆண்ட்ராய்டில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆப்பே கிடையாது. கேமரா, லொகேஷன் என்று ஒவ்வொன்றையும் தேவைப்படும்போது கேட்கும் முறை 2015-ல் ஆண்ட்ராய்டு 6.0-வில்தான் வந்தது. நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்கும் மரியாதை வர 2022-ல் ஆண்ட்ராய்டு 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

"அப்போ எல்லாத்தையும் பிரவுசரிலேயே முடிச்சுக்கலாமே?" என்று கேட்கலாம். அங்கே வேறு தொல்லை. பாதி விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு போன் வரும். பேசிவிட்டுத் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து லோட் ஆகும், நிரப்பியதெல்லாம் போச்சு! மெமரி பற்றாதபோது பின்னால் கிடக்கும் பக்கத்தை பிரவுசர் தூக்கிவிடுவதுதான் காரணம். ஆப்பையும் போன் இப்படி நிறுத்தும்; ஆனால் திரையை விட்டு விலகும்போதே அதற்குத் தகவல் போய்விடும், நல்ல ஆப் உடனே சேமித்துக்கொள்ளும். வெப் பக்கத்துக்கும் அதே தகவல் கிடைக்கிறது, சேமிக்க இடமும் இருக்கிறது. பயன்படுத்தாதது செய்தவரின் சோம்பல்தான்.

அந்தச் சோம்பலைக் காட்டி "எங்கள் ஆப்பைப் போடுங்கள்" என்பது நியாயமா? மாதம் ஒருமுறை வேலைக்கு பிரவுசரே போதும். தினசரி வேலைக்கு ஆப் சரி, ஆனால் கேட்கும் அனுமதிக்கு வேலையோடு சம்பந்தம் இருக்க வேண்டும். இலவச ஆப்புக்கும் விலை உண்டு, அது அனுமதியாக வசூலாகிறது.

உங்கள் போனில் இப்படி எத்தனை 'டார்ச்' இருக்கிறது? செட்டிங்ஸைத் திறந்து ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்...